மெயினை நிறுத்தறேன்!

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த வீட்டில் மின்சாரம் இருக்காது. தெரு முழுக்க இருக்கும். அந்த வீட்டில் மட்டும் இருக்காது.

மின்சார அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமனார், வாரம் ஒருமுறை மெயின் ஸ்விட்சை இறக்கி, பலகையிலிருக்கும் ஒவ்வொரு ஃப்யூஸையும் கழற்றி, உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டி, திருகுகளை இறுக்கி மாட்டுவார். பதினைந்து நிமிஷ வேலை. அதற்கு முன் மூன்று தடவை குரல் கொடுப்பார்.

"மெயினை நிறுத்தறேன்!"

வீட்டிலிருந்து பதில் வராமல் ஸ்விட்சில் கை வைக்கமாட்டார். பெரிய மருமகள் பதினொரு வருஷமாக "சரி மாமா" என்று சொல்லி வருகிறாள். அடுப்படியிலிருந்து, குளியலறையிலிருந்து, ஒருமுறை காய்ச்சலில் போர்வைக்குள்ளிருந்துகூடச் சொல்லியிருக்கிறாள். காதில் விழுந்து, யோசித்து, சொல்கிற பதில் அல்ல அது. தும்மல் மாதிரி, தானாக வருவது.

இன்றைக்கும் வந்தது. துணி மடித்துக்கொண்டே சொன்னாள். மூன்றாவது சட்டையின் காலரை மடக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. சட்டையை அப்படியே போட்டுவிட்டு முன்னறைக்கு ஓடினாள்.

கம்ப்யூட்டர் திரை கறுத்துக் கிடந்தது. சற்றுமுன் அதில் 'அப்டேட் நடக்கிறது, 61 சதவீதம், கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தது.

உள்ளே இருப்பது என்ன என்று அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு மாதமாக, மாமனார் தவிர எல்லோரும் கிளம்பிப்போன பிறகு, ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியின் மாடிப்படிகளை அவள் அதில் வரைந்துகொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன் கட்டட வரைபடம் போடும் வேலையில் இருந்தவள். பதினொரு வருஷத்துக்குப் பிறகு கிடைத்த முதல் வேலை இது. இன்று நான்கு மணிக்குள் படம் வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் பழைய ஆளிடமே கொடுத்துவிடுவோம் என்று எஞ்சினியர் சொல்லியிருந்தார். கணவனிடம்கூட அவள் சொல்லவில்லை. தோற்றுப்போனால் யாருக்கும் தெரியாமல் தோற்கலாம் என்பதுதான் காரணம். அதனாலேயே படத்துக்கு வேறெங்கும் நகலும் வைக்கவில்லை.

நேற்றே படம் முடிந்துவிட்டது. காலையில் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று உட்கார்ந்தபோது, கம்ப்யூட்டர் அப்டேட் கேட்டது. போனும் கேட்டது. பல வாரமாகத் தள்ளிப்போட்டவை. முக்கியமான நாளில் எல்லாம் சுத்தமாக இருக்கட்டும் என்று, விருந்தாளி வருமுன் வீட்டைக் கூட்டுகிற மனதோடு, இரண்டுக்கும் 'சரி' கொடுத்தாள். சார்ஜ் குறைவாக இருந்த போனைக் கம்ப்யூட்டரின் பின்னால் சொருகியும் வைத்தாள்.

இப்போது இரண்டும் சேர்ந்து போயிருந்தன.

மின்சாரம் வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டாள். கம்பெனிப் பெயர் வந்தது, புள்ளிகள் வட்டமாகச் சுற்றின, அணைந்தது. மறுபடி பெயர், மறுபடி புள்ளிகள். போன் பெயரைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. ஒன்றில் அசைவு நிற்கவில்லை, மற்றதில் அசைவே இல்லை. பதினொன்றரை மணி வரை இரண்டுக்கும் நடுவில் அவள் அலைந்தாள்.

மாமனார் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, பொட்டி மக்கர் பண்ணுதா? பக்கவாட்டுல ஒரு தட்டு தட்டிப் பாரேன்."

"வேண்டாம் மாமா."

"எங்க ஆபீஸ்ல பாதி மெஷின் தட்டினாதான் ஓடும்."

பல்லைக் கடித்துக்கொண்டாள். 'நீங்கதான்' என்று தொண்டை வரை வந்தது. கூடவே தன் 'சரி மாமா'வும் வந்து நின்றதால் அதை விழுங்கினாள்.

இதைச் சரிசெய்யத் தெரிந்த ஆள் இந்த வீட்டிலேயே உண்டு. ஆறு மாதம் முன் இந்த வீட்டுக்கு வந்த சின்ன மருமகள், கடைத்தெருவில் போன், கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை ஒன்றில் வேலை செய்கிறாள். இரண்டு ஞாயிறுக்கு முன், வந்த விருந்தினர்கள் அவள் வேலையைப் பற்றிக் கேட்டபோது, "அதான், போனுக்குக் கண்ணாடி ஒட்டற வேலை" என்று பெரியவள் சிரித்தபடி சொன்னதும், சின்னவள் அதைக் கேட்டபடி தண்ணீர்த் தட்டோடு வாசலில் நின்றதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அன்றிலிருந்து 'அக்கா' என்ற சொல் தேவைக்கு மட்டும்தான் வந்தது.

"மாமா, உங்க போனைக் கொஞ்சம் தரீங்களா?"

அவர் போனில் எண்களைத் தேடினாள். தன் எண் 'பெரியவ' என்றிருந்தது. அதற்கு இரண்டு வரி கீழே 'சின்னவ'. அழுத்தினாள்.

"மாமா? சாப்ட்டாச்சா?"

"நான்தான்."

பின்னால் கடைச் சத்தம் கேட்டது. "அக்காவா?"

"கம்ப்யூட்டர் ஓடல. போனும் ஓடல."

"திரைல என்ன எழுதியிருக்கு?"

"இப்ப புதுசா நீலமா ஏதோ வந்திருக்கு..."

"ஏதோ வேண்டாம்க்கா. எழுத்து எப்படி இருக்கோ அப்படியே படிங்க."

படித்தாள். தானாகப் பழுது நீக்க முயன்றதாகவும், முடியவில்லை என்றும் இருந்தது.

"நல்லது."

"நல்லதா?"

"வாயைத் தொறந்து பேசுது இல்ல? பேசாததுதான் கஷ்டம். எத்தனை தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்க?"

பெரியவள் குரல் இறங்கியது. "ஒரு... பதினாலு."

"பதினஞ்சாவது வேண்டாம். உள்ள என்ன இருக்கு?"

சொல்லாமல் இருக்க முடியாத இடம் வந்துவிட்டது. சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து ஆச்சரியமோ கேள்வியோ வரவில்லை.

"நாலு மணிதானே? சாப்பாட்டு நேரத்தோட சேத்து லீவு சொல்லிட்டு வரேன். அதுவரைக்கும் தொடாதீங்க."

*

பன்னிரண்டே முக்காலுக்குச் சின்னவள் வந்தாள். கழுத்தில் கடையின் அடையாள அட்டை, தோளில் லேப்டாப் பை. செருப்பை விட்டவள் முதலில் கம்ப்யூட்டர் பக்கம் போகவே இல்லை. போனைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கி, தன் பையிலிருந்த சார்ஜரில் மாட்டிச் சுவர்ப் பிளக்கில் சொருகினாள்.

"இத்தனை நேரம் அணைஞ்சு அணைஞ்சு எரியற மெஷின்ல மாட்டி வச்சா அது எங்கேருந்து சாப்பிடும்? அரை மணி நேரம் தொடவேண்டாம். ஒரு பேப்பர் குடுங்கக்கா."

பெரியவள் கொடுத்த காகிதத்தில் மணியை எழுதினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"கடைசியா என்ன மாறிச்சு?"

பெரியவளுக்குக் கேள்வி பிடிபடச் சற்று நேரமானது. அந்த வீட்டில் எது கெட்டாலும் முதல் கேள்வி 'யாரு' என்றுதான் தொடங்கும். குழாயை யார் திறந்துவிட்டது, கதவை யார் சாத்தாமல் போனது. பதினொரு வருஷத்தில் அவளும் அந்தக் கேள்விக்குப் பழகியிருந்தாள். கேட்கவும், தப்பிக்கவும்.

"அப்டேட் போட்டேன். காலைல."

"நடுவுல கரண்ட் போச்சா?"

வாசலில் நின்ற மாமனார் முந்திக்கொண்டார். "போகல. நான் நிறுத்தினேன்." சொன்ன பிறகுதான் அவருக்கே விளங்கியது. முகம் மாறியது. "மூணு தடவை கூவினேனேம்மா! இவளும் சரின்னாளே!"

"ஆமா, சொன்னேன்" என்றாள் பெரியவள். "அவர் மேல தப்பில்ல. இதுல வேலை நடக்குதுன்னு அவருக்குத் தெரியாது."

"நான் யாருன்னு கேக்கல மாமா. எப்போன்னுதான் கேட்டேன்."

"பத்து அடிச்சு... ரெண்டு நிமிஷம்."

'10.02, கரண்ட்' என்று எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான். மாமனார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "டார்ச் எடுத்துட்டு வாங்க மாமா, பின்னாடி இருட்டா இருக்கு" என்று அவருக்கும் ஒரு வேலை கொடுத்தாள்.

தரையில் உட்கார்ந்தாள். பிரிண்டர், கேமரா, ஸ்பீக்கர் என்று கம்ப்யூட்டரின் பின்னால் மாட்டியிருந்த ஒவ்வொன்றையும் கழற்றினாள். ஒன்றைக் கழற்றி, காகிதத்தில் எழுதி, பிறகு அடுத்தது. கீபோர்டும் மௌஸும் மட்டும் மிஞ்சின. போட்டுப் பார்த்தாள். பெயர், புள்ளிகள், நீலத் திரை. 'அது இல்லை' என்று எழுதினாள். பழுது நீக்கச் சொன்னாள். முடியவில்லை என்றது. அதையும் எழுதினாள். ஒவ்வொரு தோல்வியும் ஒரு வரியாகி, காகிதத்தில் அமைதியாக உட்கார்ந்தது.

பெரியவள் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதமாக ஒரே மேசையில் சாப்பிடும் கைகள். கட்டைவிரல் நகம் ஒட்ட வெட்டியிருப்பதும், ஆட்காட்டி விரல் நுனியில் ஒரு பழைய சூட்டு வடு இருப்பதும் இன்றுதான் கண்ணில் பட்டன. அந்தக் கைகளில் அவசரம் இல்லை. தான் காலையிலிருந்து அந்தப் பொத்தானை எப்படி அழுத்தினோம் என்பது நினைவுக்கு வந்தது. கெஞ்சி அழுத்தியது பாதி, கோபித்து அழுத்தியது பாதி.

"ஃபைலை வெளிய எடுத்துட்டா போதும்க்கா. மெஷினை அப்புறம் பாக்கலாம். ஆனா டிஸ்க் பூட்டியிருக்கு. சாவி கேக்குது."

"சாவியா? நான் பூட்டவே இல்லையே."

"அதுவா பூட்டிக்கும். நாப்பத்தெட்டு நம்பர். உங்க அக்கவுண்ட்ல இருக்கும். என் லேப்டாப்ல தொறக்கலாம். ஆனா நீங்கதான்னு தெரிய உங்க போனுக்கு ஒரு நம்பர் அனுப்பும்."

இருவரும் சுவரோரம் கிடந்த போனைப் பார்த்தார்கள். அது பெயரைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

மணி ஒன்றரை. சின்னவள் அதை எடுத்து, பவர் பொத்தானையும் சத்தம் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்தினாள். விடவில்லை. மாமனார் டார்ச்சைப் பிடித்தபடியே எண்ணினார். "ஏழு... எட்டு..." பதினொன்றில் திரை கறுத்தது. பெயர் வந்தது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"போச்சா?"

"பொறுங்க. பாதில விட்டதால பழைய இடத்துக்குத் திரும்பிப் போகுது. நடந்து வரவேண்டாமா?"

நடந்துதான் வந்தது. ஆறு நிமிஷம். பிறகு பெரியவளின் போன் முகப்புப் படம், ஒரு சாதாரண நீல வானம், ஒன்றுமே நடக்காததுபோல் வந்து நின்றது. மாமனார் "அடேங்கப்பா!" என்று கத்தியதில் டார்ச் கீழே விழுந்தது.

சாவி லேப்டாப் திரையில் வந்தது. ஆறு ஆறாக எட்டுக் கட்டு. பெரியவள் படிக்க, சின்னவள் தட்டினாள்.

"மூணு ஏழு ரெண்டு."

"ம்."

"பூஜ்யம் ஒம்பது ஒண்ணு."

"ம்."

ஐந்தாவது கட்டில் பெரியவளின் கண் ஒரு வரி இறங்கிவிட்டது. கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. "ஐயோ, என்னாலதான்..." என்று தொடங்கினாள்.

"அஞ்சாவதுலேருந்து மறுபடி படிங்க."

அவ்வளவுதான் சொன்னாள். பெரியவள் விரலை வைத்துப் படித்தாள். தன் பையனுக்கு வீட்டுப் பாடம் சொல்லித்தரும்போது ஒருமுறையாவது இப்படிச் சொல்லியிருக்கிறோமா என்று அந்த எண்களுக்கு நடுவே ஒரு நினைப்பு வந்து குத்தியது.

பூட்டு திறந்தது. சின்னவள் பென் டிரைவைச் சொருகி, கறுப்புத் திரையில் ஒரே ஒரு சொல் அடித்தாள். குறிப்பு எழுதும் வெள்ளைப் பக்கம் ஒன்று திறந்தது.

"இதுல என்ன எழுதப் போற?"

"ஒண்ணும் எழுதல. இதுல 'ஃபைலைத் தொற'ன்னு கேட்டா, ஒரு ஜன்னல் தொறக்கும். அந்த ஜன்னல் வழியா வீடு முழுக்கத் தெரியும். அப்படியே எடுத்துக்க வேண்டியதுதான்." முதல்முறையாகச் சிரித்தாள். "வாசல் பூட்டியிருந்தா என்ன?"

பெரியவளின் படங்கள் இருந்த ஃபோல்டர் முழுவதையும் எடுத்தாள். பென் டிரைவைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டி ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தாள்.

"மாடிப்படி மட்டும் போதும்மா. மணி ரெண்டே முக்கால் ஆச்சு."

"அதை முதல்ல தொறந்துடறேன். ஆனா எல்லாத்தையும் பாத்துடணும்க்கா. தொறந்து பாக்காத காப்பி, காப்பியே இல்ல."

படம் திறந்தது. ஒரு கோடும் கெடவில்லை. வளைந்து ஏறும் படிகள், திரும்பும் இடத்தில் சக்கர நாற்காலி நிற்க விட்ட இடம்.

சின்னவள் விரலால் காட்டினாள். "இதென்ன, கைப்பிடி ரெண்டு வரிசை?"

"கீழ இருக்கறது குழந்தைங்களுக்கு. பெரியவங்க கைப்பிடி அவங்க தலைக்கு மேல போயிடும்."

சின்னவள் நெடுநேரம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மாமனார் கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து குனிந்து பார்த்தார். மருமகளைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இது நீ போட்டதா? நம்ம வீட்டுலயா?" என்றார். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சனிக்கிழமையை ஞாயித்துக்கிழமைக்கு மாத்தியிருப்பேனே."

பதினொரு வருஷத்தில் அந்த மனிதர் எதையும் மாற்றியதாகச் சரித்திரமே இல்லை.

எஞ்சினியருக்கு என்ன எழுதுவது என்று பெரியவள் தன் போனில் அடித்து அடித்து அழித்துக்கொண்டிருக்க, சின்னவள் மீதிப் படங்களையும் திறந்து பார்த்து முடித்தாள். மூன்று பத்துக்குப் படம் போனது. மூன்றரைக்கு எஞ்சினியரின் பதில் வந்தது. 'கிடைத்தது. திங்கள் காலை ஒன்பது மணிக்கு வேலை நடக்கும் இடத்துக்கு வரவும். செருப்பு வேண்டாம், ஷூ போடவும்.'

பெரியவள் அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்தாள். "என்கிட்ட ஷூவே இல்லையே" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

"என்னோடது சரியா இருக்கும். ஒரே அளவுதான்" என்றாள் சின்னவள், கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டு.

*

அத்தோடு சின்னவள் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. பாதியில் நின்ற அப்டேட்டை நீக்கச் சொல்லிவிட்டு, திரை முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமனார் டீ போட்டுக் கொண்டுவந்தார். அவர் போட்ட டீயில் சர்க்கரை இருந்ததே தவிர டீ இருந்ததா தெரியவில்லை. இருவரும் குடித்தார்கள்.

"அன்னிக்கு நான் ஒண்ணு சொன்னேன்" என்றாள் பெரியவள், அவர் போனபிறகு.

"எது?"

"கண்ணாடி ஒட்டற வேலைன்னு. தப்பு. சொன்ன உடனேயே தெரிஞ்சுது. நீ நின்னதைப் பாத்த பிறகும் வாயை மூடிட்டு இருந்தேன். அது அதைவிடத் தப்பு."

சின்னவள் டம்ளரைத் தரையில் வைத்தாள். "ஒட்டறதும் லேசில்லக்கா. ஒரே ஒரு தூசி உள்ள மாட்டினாலும் குமிழ் வந்துடும். மறுபடி உரிச்சாதான் போகும்."

கோபமா, மன்னிப்பா, வெறும் தொழில் செய்தியா என்று பெரியவளால் பிரிக்க முடியவில்லை. மூன்றும்தான் போலிருந்தது.

நான்கே முக்காலுக்கு, கம்ப்யூட்டர் பெயரைக் காட்டியது. புள்ளிகள் சுற்றின. அணையவில்லை. பெரியவளின் பையன் பல் விழுந்த வாயோடு சிரிக்கும் படம் திரையில் வந்தது. சின்னவள் காகிதத்தில் மணியை எழுதி, அடியில் ஒரு கோடு போட்டாள். கருவிகளைப் பையில் வைத்தாள். பென் டிரைவைப் பெரியவளின் உள்ளங்கையில் வைத்தாள்.

"மொத்தம் இருபத்தாறு படம். ஒண்ணும் விடல. எல்லாமே தொறந்து பாத்துட்டேன்."

பெரியவளின் கை அப்படியே நின்றது.

இருபத்தாறு. அதில் ஒன்று ஆஸ்பத்திரிக்கு உரியது அல்ல. அதைப் பத்திரமாக மறந்துவிட்டதாக அவள் நினைத்திருந்தாள்.

"ஒரு வீடு இருந்துது" என்றாள் சின்னவள். குரல் உயரவில்லை. "ரெண்டு வாசல், ரெண்டு சமையலறை. நடுவுல சுவர். நம்ம முன்னறை ஜன்னல் மாதிரியே ஒரு ஜன்னல். அதுல ஒரு தப்பு இருக்குக்கா. அந்தச் சுவர் நேரா நம்ம மெயின் பலகை மேல வருது. மாமா எந்தப் பக்கம் நின்னு கூவுவார்?"

மூன்று மணிக்கே பார்த்திருக்கிறாள். பார்த்த பிறகும் ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்து இந்த மெஷினைப் பிழைக்க வைத்திருக்கிறாள். தன் ஷூவைத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். தான் அவளிடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று பெரியவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால் தலை நிமிர முடியவில்லை.

"அதை..."

"யார் போடச் சொன்னாங்கன்னு நான் கேக்கல." சின்னவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "தேதி அந்த ஞாயித்துக்கிழமை. விருந்தாளிங்க வந்த அன்னிக்கு. அன்னிக்குக் கடைசியா என்னக்கா மாறிச்சு?"

அதே கேள்வி. காகிதமும் பேனாவும் மட்டும் இல்லை.

பதில் பெரியவளிடம் இருந்தது. அந்த ஞாயிறு, விருந்தினர்கள் போனபிறகு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கணவன் சொன்ன நான்கு வாக்கியம். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவன் கையில் அடித்துக் கொடுத்த சத்தியம். அன்று தன் நாக்கு ஏன் அவ்வளவு கூராக இருந்தது என்பதற்குக்கூட அவன் அதற்கு முந்திய வாரமெல்லாம் வீட்டில் இருந்த விதத்தில்தான் பாதிக் காரணம் இருந்தது. சொல்வதானால் முழுதாகச் சொல்ல வேண்டும்.

சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தாள். இன்று காலை முதல் அவள் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தியிடம், 'ஏதோ' என்று பதில் சொல்ல அவளுக்கு இனி வராது.

"உக்காரு" என்றாள்.

சின்னவள் உட்கார்ந்தாள்.

பெரியவள் வாயைத் திறந்தபோது, வெளியே பைக் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கேட் திறந்தது. "என்ன, ரெண்டு பேரும் முன்னறைல? கம்ப்யூட்டர் ஏன் ஆன்ல இருக்கு?" என்று கேட்டபடி அவள் கணவன் உள்ளே வந்தான். அவன் பார்வை மனைவியின் முகத்திலிருந்து இறங்கி, அவள் மூடாத உள்ளங்கையில் இருந்த பென் டிரைவில் நின்றது.

"யாரு அந்தப் படத்தைத் தொறந்தது?" என்றான்.